வெயில் இலவசம், நிலம் இலவசமா?

ஆணி அதிகம். மார்ச் முடிந்தால் வங்கிக்காரனுக்கு மூச்சு வரும் என்பார்கள். எனக்கு மே வந்தும் வரவில்லை. அதனால்தான் இந்தப் பக்கம் ரெண்டு மாசமாகத் தலைகாட்ட முடியவில்லை. இன்றைக்கும் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அப்பா போட்ட போன்தான் உட்கார வைத்துவிட்டது.

மணிநகர் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு நிற்கிறேன். (அகமதாபாதில் மணிநகரை விட்டால் நம்மாட்களுக்குப் போக்கிடம் ஏது?) காலை ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அப்பா எப்போதும் "சாப்டியா"வில் ஆரம்பிப்பவர், அன்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏப்பா, புரோக்கர் வந்தாக. நம்ம கரிசக்காட்டை சோலாருக்குக் கேக்குறாக. ஏக்கருக்கு மூணு லட்சம்ங்கிறாக. நீதான் அங்க சோலாருக்குக் கடன் குடுக்குற ஆளாச்சே. குடுக்கலாமா, வேணாமா?"

எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கேள்வியின் ஒரு பக்கத்தை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். எங்கள் வங்கியில் மின் திட்டங்களுக்குக் கடன் கேட்டு வரும் கோப்புகள் என் மேஜை வழியாகத்தான் போகும். இத்தனை மெகாவாட், இத்தனை கோடி, இத்தனை வருடத்தில் திருப்பிச் செலுத்துவார்கள் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. அந்தக் கோப்புகளில் நிலம் என்பது ஒரே ஒரு வரி: 'நிலம்: கையகப்படுத்தப்பட்டது'. அந்த வரியின் மறுமுனையில் எங்கப்பா நிற்பார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

எங்களுக்குக் கமுதி பக்கம் பதினோரு ஏக்கர் மானாவாரி. கூட்டுப்பட்டா. அப்பா, சித்தப்பா, அத்தை மூன்று பேருக்கும் பங்கு. மழை பெய்தால் மிளகாய், குதிரைவாலி. பெய்யாவிட்டால் வேலிக்கருவை, அதை வெட்டிக் கரிமூட்டம். சித்தப்பா அடிக்கடி சொல்வது போல, "வெயிலைத் தவிர அங்க என்ன வெளஞ்சிருக்கு?"

சரி, விஷயத்துக்கு வருவோம். சோலாரில் இவ்வளவு பெரிய முதலீடு தேவைதானா என்று இங்கே தமிழ்ச்சங்கத்தில் சாப்பிட உட்கார்ந்தாலும் வாக்குவாதம்தான். ஒரு கட்சி, "எல்லாம் கம்பெனிக்காரன் கொள்ளை, நிலத்தைப் பிடுங்குறான்" என்கிறது. இன்னொரு கட்சி, "வளர்ச்சி வேணும்னா நாலு பேருக்கு வலிக்கத்தான் செய்யும்" என்கிறது. நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய முதலீடு வேண்டும், இன்னும் அதிகமாகவே வேண்டும். ஆனால் இப்போது நாம் போடும் கணக்கில் சில வரிகள் விட்டுப்போயிருக்கின்றன. கணக்குப் பிள்ளையாக என் புகார் அவ்வளவுதான்.

முதலில், ஏன் வேண்டும் என்கிறேன்?

2012-ல் நம்ம ஊர்ப் பக்கம் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சென்னையைத் தாண்டினால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. அந்த வருடம் பிள்ளைகளை லீவுக்கு ஊருக்கு அனுப்பிவிட்டு, பெரியவள் போனில் "அப்பா, ஆச்சி வீட்ல ஃபேன் தூங்கிட்டே இருக்கு" என்று அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அதே சமயத்தில் குஜராத்தில் எங்களுக்குக் கரண்ட் போனதாகவே நினைவில்லை. அந்த வருடம் ஏப்ரலில்தான் இங்கே பாட்டண் மாவட்டத்தில் சாரங்கா சோலார் பூங்காவைத் திறந்தார்கள். (கரண்ட் போகாததற்கு அது காரணம் இல்லை. அன்றைக்கு அது கடலில் கரைத்த பெருங்காயம். ஆனால் எதிர்காலத்தைப் பார்த்துத் துட்டுப் போட ஆரம்பித்துவிட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.)

அப்போது என்ன விலை தெரியுமா? 2010-ல் குஜராத் நிர்ணயித்தது யூனிட்டுக்கு 15 ரூபாய், முதல் 12 வருடத்துக்கு. அடுத்த 13 வருடத்துக்கு 5 ரூபாய். தேசிய சோலார் திட்டம் தொடங்கியதும் அதே 2010-ல்தான். அதன் முதல் ஏலத்திலேயே சராசரி 12 ரூபாய்க்கு இறங்கியது. 2017 மே மாதம் ராஜஸ்தான் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு! அதற்குப் பிறகு இரண்டரை ரூபாய் பக்கமாக நிலைகொண்டிருக்கிறது. பத்து வருடத்தில் விலை இப்படி விழுந்த வேறு பொருள் என் சர்வீஸில் செல்போனைத் தவிர எதுவும் இல்லை. துவரம்பருப்பு ஒருநாளாவது இப்படி விழுந்திருக்கிறதா?

விலை தானாக விழவில்லை. ஜெர்மனிக்காரன் வாங்கினான், சீனாக்காரன் லட்சக்கணக்கில் செய்தான், நம்மாட்கள் ஏலம் விட்டார்கள். யாராவது முதலில் 15 ரூபாய் கொடுத்து வாங்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு இரண்டரை ரூபாய் கிடையாது. அதனால் அன்றைக்கு வாங்கியவர்களை முட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இதில் ஒரு வலியும் உண்டு. எங்க ஊர்க் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2016-ல் வந்தது. சுமார் 2,500 ஏக்கர், எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள், அன்றைக்கு ஒரே இடத்தில் உலகத்திலேயே பெரியது. 2015-ல் போட்ட ஒப்பந்தத்தில் விலை 7 ரூபாய் 1 காசு, 25 வருடத்துக்கு. அடுத்த இரண்டே வருடத்தில் பட்லாவில் 2.44. தமிழ்நாட்டு மின்வாரியம் 25 வருடமும் அந்த ஏழு ரூபாயைக் கொடுத்தாக வேண்டும். விலை விழுகிற பொருளை ஒரேயடியாக மூட்டை மூட்டையாக வாங்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக வாங்க வேண்டும். இது எங்க ஆச்சிக்கே தெரியும்.

இப்போது நாடு எங்கே நிற்கிறது? 2015-ல் அறிவித்த இலக்கு, 2022-க்குள் 1,00,000 மெகாவாட் சோலார். 2022-ல் அதை எட்டவில்லை. 2025 தொடக்கத்தில்தான் தாண்டினோம். மூணு வருடம் லேட், நம்ம ரயில் மாதிரி. ஆனாலும் வந்து சேர்ந்தது. அதே 2025 நடுவில் நாட்டின் மொத்த மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாத வகைக்கு வந்துவிட்டது. கைதட்ட வேண்டிய சமாச்சாரம்தான். தட்டி முடித்ததும் அடுத்த வரியைப் பாருங்கள்: உண்மையில் நாம் பயன்படுத்துகிற நூறு யூனிட்டில் சுமார் எழுபது இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது. வீட்டில் பாதிப் பேர் சம்பாதிக்கிறார்கள், ஆனால் செலவு முக்கால்வாசியை இன்னும் தாத்தா பென்ஷன்தான் பார்க்கிறது என்றால் எப்படி இருக்கும்? அப்படி.

ஏன் இப்படி? விட்டுப்போன வரிகளுக்கு இங்கேதான் வருகிறோம்.

முதல் வரி, மாலை ஏழு மணி. சூரியன் ஆபீஸ் முடிந்து போன பிறகுதான் வீட்டில் எல்லோரும் வருவார்கள். ஏசி, டிவி, கிரைண்டர் எல்லாம் ஓடும். அப்போது சோலார் பூஜ்யம். இரண்டரை ரூபாய் என்கிற விலை பகல் விலை. இரவுக்கு அதை எடுத்து வைக்க பேட்டரி வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரை மேலே ஏற்றி வைக்க வேண்டும். இரண்டாவதில் தமிழ்நாட்டுக்கு அனுபவம் உண்டு. ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 1980களின் கடைசியிலிருந்து, மிச்சம் இருக்கும் கரண்டில் மேல் ஆழியாறு தண்ணீரை மேலே இறைத்து, தேவைப்படும் நேரத்தில் கீழே விட்டு, 400 மெகாவாட் எடுக்கும்படி கட்டப்பட்டது. அந்தக் காலத்தில் அதைக் கட்டிய இன்ஜினியர்களைக் கோயில் கட்டிக் கும்பிடலாம். அதற்குப் பிறகு அந்த வழியில் வேகமாகப் போகாமல் விட்டோம்.

பேட்டரி முடியாத காரியம் இல்லை. இங்கே மெஹ்சானா மாவட்டத்தில் மோதேரா என்று ஒரு கிராமம், பதினோராம் நூற்றாண்டுச் சூரியக் கோயில் இருக்கிற ஊர். அப்பா அம்மா வந்திருந்தபோது கூட்டிப் போயிருந்தேன். 2022 அக்டோபரில் அதை நாட்டிலேயே முதல் இருபத்துநாலு மணி நேர சோலார் கிராமம் என்று அறிவித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டுக் கூரைகளில் தகடு, பக்கத்தில் 6 மெகாவாட் நிலையம், 15 மெகாவாட்-அவர் பேட்டரி. மொத்தச் செலவு சுமார் 80 கோடி. "சூரியனுக்குக் கோயில் கட்டினவக ஊருலயே சூரியனைப் பெட்டிக்குள்ள அடைச்சிட்டாகளே" என்றார் அப்பா. 80 கோடி ஒரு கிராமத்துக்கு அதிகம்தான். ஆனால் மாலை ஏழு மணிக்கு என்ன செலவாகும் என்பதை ஒளிக்காமல் காட்டிய கணக்கு அது.

இரண்டாவது வரி, கம்பி. வெயில் காய்கிற இடம் ஒன்று, கரண்ட் வேண்டிய இடம் வேறு. சோலார் நிலையம் ஒரு வருடத்தில் எழும்பிவிடும். உயர் அழுத்த லைன் போட நாலைந்து வருடம் ஆகும். 2025-ல் ராஜஸ்தானில் லைன் பற்றாமல், உச்சி வெயிலில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிலையங்களையே குறைக்கச் சொன்னார்கள். நமக்கு இது புதுசு இல்லை. ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை சுழன்று தள்ளும்போது நிறுத்தி வைக்கச் சொன்ன கதையை நாம் எத்தனை வருடம் கேட்டிருக்கிறோம்! கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குச் சமைத்துவிட்டு இலை இருநூறுதான் வாங்கினேன் என்றால் சமையல்காரரையா திட்டுவது?

மூன்றாவது வரி, நிலம். அப்பா போன் போட்ட வரி.

ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். பட்லா பூங்கா 2,245 மெகாவாட். சுமார் 14,000 ஏக்கர். எல்லாம் தரிசு நிலம், ஒன்றும் விளையாத பூமி, யாருக்கும் நஷ்டமில்லை என்று கோப்பு சொல்லும். நான் ஒருமுறை ஆபீஸ் வேலையாக அந்தப் பக்கம் போயிருக்கிறேன். மே மாதம். கண்ணுக்கெட்டிய தூரம் நீலத் தகடு. வேலிக்கு வெளியே ஒரு பெரியவர் இருபது முப்பது ஆடுகளோடு வேலி ஓரமாகவே நடந்து போய்க்கொண்டிருந்தார். டிரைவரிடம் கேட்டேன். "முன்னே குறுக்கே போவாங்க சாப், இப்போ சுத்திப் போறாங்க" என்றான். அவ்வளவுதான். அந்தச் சுற்று எத்தனை கிலோமீட்டர் என்று என் கோப்பில் இல்லை.

ஜெய்சால்மர் பக்கம் 'ஓரண்' என்று உண்டு. சாமிக்கு விட்ட காடு, நம்ம ஊர் கோயில்காடு மாதிரி. மரம் வெட்ட மாட்டார்கள், ஆடு மாடு மேயும். ஆனால் பல ஓரண்கள் வருவாய்த்துறைக் கணக்கில் அரசுத் தரிசு. அங்கே மின் கம்பிகளும் சோலாரும் வந்தபோது ஊர்க்காரர்கள் எழுந்து நின்றார்கள். கானமயில் என்கிற பறவை கம்பியில் மோதிச் சாகிறது என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021-ல் கம்பியைப் பூமிக்கு அடியில் போடச் சொன்னார்கள். 2024-ல் அதை மாற்றி நிபுணர் குழு அமைத்தார்கள். பறவைக்காவது கோர்ட்டில் பேச ஆள் இருந்தது.

எங்க நிலத்தையும் கோப்பில் தரிசு என்றுதான் எழுதுவார்கள். வருடத்தில் எட்டு மாதம் சும்மா கிடப்பது உண்மை. ஆனால் மழைக்கு முன்னால் கீதாரி வருவார். முந்நூறு நானூறு செம்மறியாடு. எங்க காட்டில் ரெண்டு மூணு வாரம் கிடை போடுவார். ஆட்டுப் புழுக்கைதான் எங்களுக்கு உரம். அவர் தாத்தா எங்க தாத்தா காலத்தில் வந்தார் என்று அப்பா சொல்வார். எந்தப் பத்திரத்திலும் அவர் பெயர் இல்லை. மூணு லட்சத்தில் அவருக்குப் பத்து பைசா கிடையாது. அப்பா போனில் கடைசியாகக் கேட்டது இதுதான்: "கீதாரிக்கு என்ன பதில் சொல்ல?"

இதற்கு வேறு வழி இல்லையா? இருக்கிறது. கர்நாடகத்தில் துமகூரு மாவட்டம் பாவகடா. கமுதி மாதிரியே வறண்ட பூமி. அங்கே 2,050 மெகாவாட், சுமார் 13,000 ஏக்கர். நிலத்தை வாங்கவில்லை. நடுவில் அரசு நிறுவனம் ஒன்று நின்று விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு வருடத்துக்கு 21,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் ஏற்றம்.

பழக்க தோஷம், கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த விகிதத்தில் 25 வருடத்துக்கு ஏக்கருக்கு மொத்தம் ஏழு லட்சம் வரும். வட்டி ஏழு சதவீதம் என்று வைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் மூணு லட்சத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதாவது, புரோக்கர் எங்க நிலத்துக்குக் கொடுக்கிற விலை, வெறும் 25 வருடக் குத்தகையின் மதிப்பு. குத்தகை என்றால் அதற்குப் பிறகு நிலம் நமக்கே திரும்பும். கிரயம் என்றால் நிலத்தை அவர்களுக்குச் சும்மா கொடுத்த மாதிரி. வெயில் இலவசம், சரி. நிலமும் இலவசமா?

பாவகடாவும் சொர்க்கம் இல்லை. பட்டா இருந்தவர்களுக்கு மாசம் பிறந்தால் கவலையில்லை. அந்த நிலங்களில் கூலிக்குப் போனவர்களுக்கும் ஆடு மேய்த்தவர்களுக்கும் ஒன்றும் இல்லை. சோலார் நிலையம் கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். கட்டிய பிறகு காவலுக்கும் தகடு துடைக்கவும் கொஞ்சம் பேர் போதும். அந்தத் துடைப்பதையும் பல இடங்களில் இப்போது இயந்திரம் செய்கிறது. விட்டுப்போன வரி அங்கேயும் விட்டுத்தான் போயிருக்கிறது, கொஞ்சம் சின்னதாக.

"அப்போ நிலக்கரிக்கு மட்டும் நிலம் வேண்டாமா?" என்று எதிர்க்கட்சி கேட்கும். நியாயமான கேள்வி. நெய்வேலியில் 1950களிலிருந்து எத்தனை கிராமம் போயிற்று என்று கடலூர்க்காரர்களைக் கேளுங்கள். தோண்டிய நிலத்தில் பழையபடி நாற்று நட எத்தனை காலம் ஆகும்? சோலார் தகட்டைக் கழற்றினால் மண் அப்படியே இருக்கும். சாம்பல் இல்லை, புகை இல்லை. அதனால்தான் சோலார் வேண்டும் என்கிறேன். ஆனால் பழைய தப்பை விடச் சின்னத் தப்பு என்பது தப்பே இல்லை என்று ஆகாது. கழற்றினால் மண் அப்படியே இருக்கும் என்றால், அந்த மண் கழற்றும் அன்றைக்கு யார் பெயரில் இருக்கும் என்பதுதானே கேள்வி?

இதில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனிகள் ஏன் குத்தகையை விடக் கிரயத்தை விரும்புகின்றன? பல காரணம். ஒன்று, என்னைப் போன்ற ஆட்கள். கிரயப் பத்திரம் இருக்கிற கோப்பு என் மேஜையில் ரெண்டு நாளில் நகரும். நாற்பது விவசாயிகளின் குத்தகைப் பத்திரம், அதில் பத்து கூட்டுப்பட்டா, ரெண்டு வாரிசுத் தகராறு என்று வந்தால் வக்கீலுக்குப் போகும், திரும்பும், மறுபடி போகும். எனக்குச் சுலபமானது எங்கப்பாவுக்கு நஷ்டம். இத்தனை வருடம் இது எனக்கு உறைக்கவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெரிய முதலீடு என்றால் பெரிய பூங்கா மட்டும்தானா என்றும் கேட்க வேண்டும். பக்கத்து டெனமென்ட் காகா வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் போட்டார். 2024-ல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம். ஒரு நாளைக்குச் சராசரியாகப் பன்னிரண்டு யூனிட் வருகிறது. இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம் பில்லைக் காட்டிச் சிரிக்கிறார். (நான் அபார்ட்மென்ட். மாடி யாருக்குச் சொந்தம் என்று எங்க சொசைட்டியில் மூணு மீட்டிங் நடந்துவிட்டது. தேசத்தின் நிலப் பிரச்சினை எங்க மொட்டைமாடியிலும் உண்டு :-))

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. கேடா மாவட்டத்தில் டூண்டி என்கிற கிராமம். 2016 வாக்கில் ஆறு விவசாயிகள் சேர்ந்து சோலார் பம்ப்செட் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் உதவியது. பாசனத்துக்குப் போக மிச்சக் கரண்டை மின் நிறுவனம் விலைக்கு வாங்கிக்கொள்ளும். இதில் சூட்சுமம் பாருங்கள்: சும்மா சோலார் பம்ப் கொடுத்தால் பகல் முழுக்கத் தண்ணீரை இறைத்துக் கிணற்றைக் காலி பண்ணுவார்கள். கரண்டுக்குக் காசு என்றதும் மோட்டாரை நிறுத்திவிட்டு கரண்டை விற்பார்கள். தண்ணீரும் மிச்சம், வருமானமும் உண்டு. 2018-ல் குஜராத் அரசே இந்த யோசனையில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2019-ல் மத்திய அரசின் குசும் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் இலவச மின்சாரத்தில் ஓடும் பம்ப்செட் இருபது லட்சத்துக்கும் மேல். அதில் ஒரு பகுதி இந்த வழிக்கு வந்தால் எத்தனை ஏக்கர் மிஞ்சும்!

ஆக, அரசியல்வாதியோ அதிகாரியோ இல்லாத ஒரு கணக்குப் பிள்ளையின் ஆசைகள் இவை. பூங்காவுக்குப் போடும் பணத்தோடு சேர்த்தே கம்பிக்கும் சேமிப்புக்கும் பணம் போடுங்கள். இரண்டரை ரூபாயைத் தனியாகக் காட்டி மார் தட்டாதீர்கள். பட்டா நிலம் என்றால் குத்தகைதான் முதல் வழி, கிரயம் கடைசி வழி என்று வையுங்கள். நடுவில் பாவகடா மாதிரி ஓர் அரசு நிறுவனம் நிற்கட்டும், எங்களைப் போன்ற வங்கிகளும் அந்தப் பத்திரத்தை மதிக்கட்டும். நிலத்தில் பெயர் இல்லாமல் பிழைப்பு மட்டும் இருப்பவர்களுக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள். தகட்டுக்குக் கீழே செம்மறி தாராளமாக மேயலாம். வெளிநாடுகளில் புல்லை வெட்டும் செலவு மிச்சம் என்று கூப்பிட்டு மேய்க்க விடுகிறார்கள். (வெள்ளாடு வேண்டாம். தகட்டின் மேலேயே ஏறி நிற்கும்.)

இனி எங்க வீட்டுக் கதை. எல்லாம் யோசித்துவிட்டு, "குத்தகைன்னா பேசலாம், கிரயம் வேணாம்ப்பா" என்று அப்பாவிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். ஆனால் அன்றைக்கு ராத்திரியே சித்தப்பா கூப்பிட்டார்.

"தம்பி, நீ மாசம் பொறந்தா சம்பளம் வாங்குறவன். உனக்கு இருபத்தஞ்சு வருசம் கழிச்சு நெலம் திரும்பும். எனக்கு இப்ப அறுபத்தி மூணு. உங்க சித்தி முட்டி ஆபரேசனுக்கு வாங்குன கடன் நிக்கிது. எனக்கு இருபத்தஞ்சு வருசக் கணக்குச் சொல்லாத."

என்ன பதில் சொல்வது? என் கணக்கில் விட்டுப்போன நாலாவது வரி அது. அவர் பங்கு நடுவில் இருக்கிறது. அவர் தன் பங்கை மட்டும் விற்றால் வேலி போடுவார்கள், எங்க பங்குக்குப் பாதை அடைபடும், அப்புறம் நாங்களும் வந்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். இப்படித்தான் ஒரு ஊர் நிலம் மொத்தமாகக் கை மாறுகிறது. யாரும் யாரையும் மிரட்ட வேண்டியதில்லை. ஒரு வீட்டில் ஒரு ஆபரேஷன் கடன் இருந்தால் போதும்.

கடைசியில் ஒன்று செய்தேன். சித்தப்பாவின் கடனை இப்போதைக்கு நான் அடைத்துவிடுகிறேன், அவர் நிலத்தை விற்காமல் நிறுத்தி வைக்கட்டும். குத்தகை வந்தால் அதிலிருந்து மெதுவாகத் திருப்பட்டும், வராவிட்டால் போகிறது. என் மனைவி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "கார் இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்றாள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஐந்து பேரிடம் அப்பா பேசியிருக்கிறார், சேர்ந்து ஒரே குரலில் குத்தகை கேட்போம் என்று. புரோக்கர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒருவேளை வேறு ஊர் பார்த்துப் போயிருக்கலாம். போனாலும் பரவாயில்லை, கீதாரிக்கு இந்த வருடம் பதில் சொல்ல வேண்டியதில்லை.

உங்களில் நிறைய பேர் என்னை மாதிரிதான் இருப்பீர்கள் என்று தெரியும். புனேயிலோ டெல்லியிலோ ஃபிளாட், ஊரில் யாரும் உழாத கொஞ்சம் நிலம், வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிற வரப்பு. இந்த போன் உங்களுக்கும் வரும். வரும்போது மூன்று விஷயம். தூரத்தில் இருக்கிறோம் என்று எந்த புரோக்கருக்கும் பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். கூட்டுப்பட்டாவாக இருந்தால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள், முக்கியமாகக் கடன் இருக்கிறவரிடம் முதலில் பேசுங்கள். மூன்றாவது, அந்த நிலத்தில் பத்திரம் இல்லாமல் யார் வந்து போகிறார்கள் என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் புகை இல்லாத கரண்ட் வேண்டும். அதற்கு எங்க கரிசல்காட்டு வெயிலைக் கொடுக்க எங்களுக்கு மனசு இருக்கிறது. காட்டையே எழுதிக் கொடுக்கத்தான் மனசில்லை.

பி.கு.: உங்க பக்கம் யாராவது சோலாருக்குக் குத்தகை ஒப்பந்தம் போட்டிருந்தால், அதில் என்னென்ன நிபந்தனை என்று எழுதுங்கள். அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.